தாழ்வான பகுதிகளில் வசிப்போர்

எங்க தாத்தா தண்டோரா போட்டவர். ஆறுமுகநேரிப் பக்கம் அதைச் 'சாட்டுறது' என்பார்கள். தீர்வை கட்டக் கடைசித் தேதி, கோயில் கொடை, கால்வாய் அடைப்பு, காலரா ஊசி, எவனோ ஒரு பண்ணையின் மாடு காணாமல் போனது, எல்லாவற்றையும் ஊருக்குச் சாட்டியது அவர்தான். ஐப்பசி கார்த்திகையில் குளம் பெருகிக் கரை ஓரிடத்தில் கசிய ஆரம்பித்தால், நடுச்சாமத்தில் ஆள்விட்டு எழுப்பித் தமுக்கைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவர் போகிற வழி எப்போதும் ஒன்றுதான். முதலில் கிராம முன்சீப் வீடு. அப்புறம் மேலத்தெரு, நடுத்தெரு, கடைத்தெரு, கோயில் வாசல். எங்கள் தெருவுக்கு வரும்போது தமுக்கு தோளில் தொங்கும், கை சும்மா இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆளாகத்தான் வருவார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்க அம்மா இதைக் கவனித்திருக்கிறாள். "மாமா, நம்ம தெருவுல அடிக்க மாட்டியளா?" என்று கேட்டாளாம். தாத்தா சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் அப்படியே சொல்லுவாள். "நம்ம தெருக்காரன் பூராவும் கரையில மண்ணு போட்டுக்கிட்டு நிக்கானே, எவனுக்குச் சாட்ட?"

இது நையாண்டி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நையாண்டி இல்லை, சட்டம். அந்தச் சட்டத்துக்கு வருமுன் 2023 டிசம்பரைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வெள்ளம்தான்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பிடித்த மழை திங்கள்கிழமை காலையிலும் விடவில்லை. 18-ஆம் தேதி காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைக் காட்டிலும் அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்துவிட்டது. ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில் மழைக்கென்று எல்லைக்கல் ஏதும் நட்டு வைக்கவில்லை. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். 95 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு முப்பத்தெட்டு லட்சம் லிட்டர். கோடையில் குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற சனத்துக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி முந்நூற்றிருபது. ஒரு ஏக்கருக்கு, ஒரு நாளில்.

வானத்திலிருந்து விழுந்தது மட்டுமா? மேற்கே மலையிலும் பேய்மழை. மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும், அணைக்குக் கீழே விழுந்த மழையும் சேர்ந்து தாமிரபரணியில் லட்சம் கன அடிக்கு மேல் போனது. ஆற்றின் கடைசித் தடுப்பு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதைத் தாண்டினால் ஏரல், ஆத்தூர், பிறகு புன்னைக்காயல் முகத்தில் கடல். ஆற்றுப் பாசனத்துக் குளங்கள் சங்கிலி மாதிரி. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து கீழே இருக்கிற குளத்தின் மேல் விழும். ஏரல் முங்கிப் போனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் ஓரங்கள் மூழ்கின. கரண்டு இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. இரண்டு மாவட்டத்திலுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முன்கூட்டியே சொன்னார்களா இல்லையா என்பதுதான் அப்புறம் நாடு முழுக்க நடந்த சண்டை. மழையளவு எச்சரிக்கையில் சொன்னதைவிட எவ்வளவோ அதிகம், இப்படி வரும் என்று யாரும் சொல்லவில்லை என்றார் அன்றைய தமிழகத் தலைமைச் செயலாளர். 12-ஆம் தேதியே வானிலை மையம் சொல்லிவிட்டது, நீங்கள்தான் தூங்கினீர்கள் என்றார் டெல்லியில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். தொலைக்காட்சியில் ஒரு வாரம் இதுவே ஓடியது.

இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கனமழை என்று முதலில் சொன்னார்கள். 17-ஆம் தேதி தென் மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கையும் வந்தது. வானிலைத் துறையின் கணக்குப்படி ஒரு நாளில் 6.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. சிவப்பு என்பது இந்தக் கடைசிப் படி. இதற்கு மேலே படி இல்லை. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் சிவப்புதான், 95 பெய்தாலும் சிவப்புதான். இன்னொன்றும் உண்டு. இரண்டு வாரம் முன்னால் சென்னையை முக்கிய புயலுக்கு 'மிக்ஜாம்' என்று பெயர் இருந்தது. பெயர் இருந்தால் செய்தி வரும், செய்தி வந்தால் படகு வரும். எங்கள் தலையில் கொட்டியதற்குப் பெயர் கிடையாது. குமரிக் கடல் பக்கம் நின்ற வெறும் வளிமண்டலச் சுழற்சி அது. புயல் என்ன, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற பட்டம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட சுழற்சி ஓரிடத்தில் இவ்வளவு கொட்டும் என்று முன்னாலேயே அளந்து சொல்வது கஷ்டம் என்று வானிலை அறிஞர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. விஞ்ஞானத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. யாருக்குச் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி. டெல்லி சென்னைக்குச் சொன்னது, சென்னை கலெக்டருக்குச் சொன்னது, கலெக்டர் தாசில்தாருக்குச் சொன்னார். அதற்குக் கீழே?

வானிலை அறிக்கையின் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய கனமழை பெய்ய வாய்ப்புள்ளது.' அப்புறம், 'மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்.' அப்புறம், 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டுக் கேட்டு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. நிலம் தானாகவே தாழ்ந்து கிடப்பது போலவும், அங்கே சிலர் தங்கள் விருப்பத்துக்குப் போய் வசிப்பது போலவும் அந்த வாக்கியம் பேசுகிறது.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். காயல்பட்டினம், பழைய காயல், புன்னைக்காயல். காயல் என்றால் கடலும் ஆறும் கலந்து நிற்கிற கழி. ஆறுமுகநேரியை ஆறுமுகனேரி என்றும் எழுதுகிறார்கள். பிரித்தால் உள்ளே ஏரி இருக்கிறது. கொற்கை ஒரு காலத்தில் முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் தள்ளிப்போய் இன்று வயலுக்கு நடுவில் கிடக்கிறது. இந்த மண் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொடுத்த மண். எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கும் என்பது இங்கே பழைய குடிகளுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கோயில் மேட்டில், மேலத்தெரு மேட்டில். எங்களுக்குக் குளத்தின் பின்கரை, மறுகால் ஓடையின் ஓரம், சுடுகாட்டுக்குப் போகிற பாதை. பிறகு சர்க்கார் வந்து 'காலனி' கட்டிக் கொடுத்தபோதும் என்ன நடந்தது? மனைக்கு என்று வாங்கியது யாரும் விலைக்குக் கேட்காத நஞ்சைப் பள்ளத்தை. தாழ்த்தப்பட்டோர் என்று நம்மை எழுதினால் நம்மில் பலர் சண்டைக்குப் போவோம், அந்த '-ப்பட்ட' என்பதில் செய்தவன் மறைந்துகொள்கிறான் என்று. 'தாழ்வான பகுதி' என்பதில் அந்த '-ப்பட்ட' கூட இல்லை.

எச்சரிக்கை என்பதன் வரலாற்றைப் பார்த்தால் அது முதலில் மனிதனுக்காகவே வந்ததில்லை, சரக்குக்காக வந்தது என்று தெரியும். 1864-ல் கல்கத்தாவைப் புயல் அடித்தது. ஆற்றில் நின்ற கப்பல்கள் நாசமாயின. மறுவருஷமே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது. இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875-ல். துறைமுகத்துக் கம்பத்தில் எண் போட்டுக் கூண்டு ஏற்றுகிறார்களே, ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு என்று பத்திரிகையில் வருமே, அது மாலுமி தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்பட்ட பாஷை. வெகுகாலம் கழித்து ரேடியோ வந்த பின்தான் மீனவனுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. அதற்கும் கட்டுமரத்தில் போன உயிர்கள் எத்தனையோ விலையாகப் போயின. உப்பளத்தில் நிற்கிறவனுக்கு, நாற்று நடுகிறவளுக்கு, பனையேறுகிறவனுக்கு, ஆடு மேய்க்கிற பையனுக்கு இன்றுவரை தனி வாக்கியம் கிடையாது. இந்தியாவில் இடி விழுந்து வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். வெட்டவெளியில் வேலை செய்கிறவன்தான் அதில் பெரும்பாலும். உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது, கூரை கிடையாது, அங்கே உயரமாக நிற்பது வேலை செய்கிற ஆள் மட்டும்தான்.

சரி, இனி அந்தச் சட்டம்.

1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தால் ஏற்படும் கேட்டைத் தடுப்பதற்காகக் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்குவது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. குளத்துக்கோ ஆற்றுக்கோ கால்வாய்க்கோ கரை உடைகிற அபாயம் வந்தால், பொறுப்பிலுள்ள அதிகாரி பக்கத்துக் கிராமத் தலைவர்களுக்கு உத்தரவிடலாம். அவர்கள் ஊரில் உள்ள திடகாத்திரமான ஆண்களைக் கரைக்கு அனுப்ப வேண்டும். எல்லா ஆண்களையும் அல்ல. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களை. சட்டத்தின் வாசகமே அதுதான். கூலி கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வர மறுத்தால் தண்டனை என்றும் இருக்கிறது.

அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று கும்பினி அரசு சொன்னது 1843-ல். பதினைந்தே வருஷத்தில் இந்தச் சட்டம். கரைக்குப் போனது யார் என்பதை நான் ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. மிராசுதாரின் மகன் நடுராத்திரியில் கோவணத்தோடு உடைப்பில் இறங்கி நின்றதாக எந்த ஊரிலும் கதை கிடையாது. உடைப்பில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம். தாமிரபரணிப் பாசனம் பற்றி எழுதுகிறவர்கள் மருதூர் அணைக்கட்டைச் சொல்வார்கள், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைச் சொல்வார்கள், குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டில் ஊரே கூடிக் குளத்தைப் பேணியது என்று மெச்சுவார்கள். ஊரே கூடி என்பதில் கூடியவன் யார், கூட்டியவன் யார் என்று பிரித்து எழுத மாட்டார்கள். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வெள்ளத்தில் நமக்கு ஓர் இடம் இருக்கிறது. உடைப்பை அடைக்கிற கை என்பது அந்த இடம். அவன் கரையில் நிற்கும்போது பின்கரையில் அவன் வீடு என்னவாகிறது, பெண்டு பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒரு வரி அதில் கிடையாது. தாத்தா சொன்னது இதைத்தான். தெருவில் ஆம்பிளைகளே இல்லை, எவனுக்குச் சாட்ட?

பெண்களுக்குச் சாட்டலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அம்மா அதை அவர் முகத்துக்கு நேரே கேட்டாளா என்று தெரியாது. என்னிடம் கேட்டிருக்கிறாள்.

தாத்தாவின் வேலை யாரும் விரும்பி எடுத்ததல்ல. வெட்டியான், தலையாரி, மடை பார்க்கிறவன் என்று ஊர்ச் சேவகம் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. கிராமப் பதவிகள் பரம்பரையாக இறங்குவதற்கு 1895-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். பம்பாய் மாகாணத்தில் மகர்களுக்கு இதே கதைதான். எந்நேரம் கூப்பிட்டாலும் ஓடி வர வேண்டும், சாவுச் செய்தி கொண்டுபோக வேண்டும், அதிகாரி வந்தால் கூடவே நடக்க வேண்டும். அதை 'வதன்' என்றார்கள், மானியம் என்ற பொருளில். மானியம் அல்ல, அது சங்கிலி என்று சொல்லி அந்தச் சட்டத்தைத் திருத்த 1928-ல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். நம் பக்கத்தில் 1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. முன்சீப் போனார், தமுக்கு மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. பஞ்சாயத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள், தாத்தா போனார்.

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியக் கருப்பொருள் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை என்று மனப்பாடம் செய்தோம். நெய்தலுக்கு மீன்கோட்பறை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அதை அடித்தவன் எங்கே குடியிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்பேத்கரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாதது. 1943-ல் வங்காளத்தில் தாமோதர் ஆற்றில் பெருவெள்ளம். யுத்த காலம். கல்கத்தாவுக்குப் போகிற ரயில் பாதையே அறுந்தது. அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கையில், பாசனமும் மின்சாரமும் அதோடு சேர்ந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்காக 1945 ஜனவரி 3-ல் கல்கத்தாவில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் சட்டமாக வந்தது 1948-ல். வெள்ளத்தைக் கேடு என்று மட்டும் பார்த்து விரட்டாமல் தேக்கிப் பயன்படுத்த வேண்டிய வளமாகப் பார்க்க வேண்டும் என்று ஒரிசாவில் போய்ப் பேசினார். மகத் குளத்தில் தண்ணீரைத் தொட்டதற்காக 1927-ல் அடிவாங்கிய சனத்தின் தலைவன், பதினெட்டு வருஷத்தில் இந்தியாவின் ஆறுகளுக்குத் திட்டம் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். பெரிய அணைகளால் ஆதிவாசிகள் நிலம் இழந்த கதை தனி, அதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் வெள்ளம் என்றால் மண்வெட்டியோடு ஓடி வருகிற ஆள் என்றிருந்த இடத்தில் நம்மில் ஒருவர் வேறு இடத்தில் நின்று வெள்ளத்தைப் பார்த்தார் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை.

1992 நவம்பர் வெள்ளத்தின்போது நான் கைக்குழந்தை. மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டில், காக்காச்சியில், அந்த மாதம் ஒரே நாளில் 96.5 சென்டிமீட்டர் பதிவாகியிருக்கிறது. தாமிரபரணி அம்பாசமுத்திரத்திலிருந்து கடல் வரைக்கும் ஊர்களை வாரியது. மலையில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று நமக்குத் தெரிவது அங்கே எஸ்டேட் இருந்து, மழைமானி இருந்து, அதைத் தினமும் பார்த்து எழுதுகிற ஏற்பாடு இருந்ததால்தான். அதே எஸ்டேட்டின் கூலிகள் 1999 ஜூலை 23-ல் கூலிக்காகவும் சிறையிலிருந்த தோழர்களுக்காகவும் ஊர்வலம் வந்தபோது திருநெல்வேலியில் போலீஸ் தடியோடு விரட்டியது, ஆற்றுக்குள். 17 பேர் செத்தார்கள். தாமிரபரணியில் வெள்ளமே இல்லாத நாளிலும் நாம் முங்கியிருக்கிறோம். ஆற்றின் வரலாற்றை எழுதுகிறவன் இந்தத் தேதியை விட்டுவிட்டு எழுத முடியாது என்பதற்காக இங்கே குறிக்கிறேன்.

1992-ல் தாத்தா சாட்டினார். வெள்ளத்துக்கு அவர் சாட்டிய கடைசித் தடவை அதுதான். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் தண்டவாளத்து மேட்டில் போய் நின்றாளாம். யாரும் சொல்லி அல்ல, மேலத்தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டு. நம் தெருவுக்கு எச்சரிக்கை வந்த விதம் அதுதான், பிறத்தியாருக்கு அடித்ததை ஓரத்தில் நின்று கேட்டது.

2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதைத் தடை செய்து, மீறினால் நடவடிக்கை என்று தமிழக அரசு எல்லாக் கலெக்டர்களுக்கும் எழுதியது. அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அனுப்பிய கடிதம். இனிமேல் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும். நல்ல காரியம். ரொம்ப லேட்டாக வந்த நல்ல காரியம். தண்டோரா நம் கலை, அதை விடக்கூடாது என்று வருத்தப்பட்டு எழுதிய நகரத்து அன்பர்கள் சிலர் உண்டு. பறையை மேடையில் அடிப்பது வேறு, முன்சீப் எழுப்பிவிட்டு அடிப்பது வேறு. எங்க தாத்தா இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

ஆனால் சாட்டுகிறவனை விடுவித்த அரசு, சாட்டப்படாத தெருவைப் பற்றி யோசிக்கவில்லை. ஒலிபெருக்கி வண்டி தார் ரோடு இருக்கிற மட்டும் வரும். 2023 அக்டோபர் 20-ல் தமிழ்நாடு முழுக்க செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. என் போன் அலறியது. அம்மாவின் பட்டன் போன் அலறவில்லை. எட்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாள் கழித்து டிசம்பர் 17. அன்று ராத்திரி என் போனும் செத்துவிட்டது, டவர் இல்லை. அம்மா கதவைத் திறந்து மறுகால் ஓடையின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஓடைச் சத்தம் இல்லல, குளத்துச் சத்தம்" என்றாள். கிளம்பினோம். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவள் தட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் தெருவுக்கென்று சாட்டிய முதல் ஆள் என் அம்மா.

அந்த ராத்திரியில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஆறுமுகநேரி வழியாகப் போய் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. அதற்கு மேலே தண்டவாளத்தின் கீழ் ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. சுமார் 800 பயணிகள். புதுக்குடிக் கிராமத்து சனங்கள் தங்களிடம் இருந்த அரிசியை வடித்துப் போட்டுக் காப்பாற்றினார்கள். ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது, வரத்தான் வேண்டும். பயணச்சீட்டு இருந்ததால் 800 என்று கணக்குத் தெரிந்தது. உப்பளத்துக் கொட்டகையில் அன்று ராத்திரி எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

நிவாரணம் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று வந்தது, ரேஷன் கார்டுக்கு. கார்டு தண்ணீரோடு போனவர்கள், கார்டு சொந்த ஊரில் இருக்க உப்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், மாமியார் கார்டில் பேர் இருக்கிற தனிக்குடித்தனக்காரிகள், இவர்கள் அலைந்த அலைச்சலை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உப்புத் தொழிலில் வேலை கிடையாது. அதற்காக 2022 முதல் அரசு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கி வைத்த அரிசிதான் பலர் வீட்டில் ஊறிப் புளித்துக் கிடந்தது. சுனாமிக்குப் பிறகு 2005-ல் நாகைப் பக்கத்து முகாம்களில் தலித்துகளைத் தனியே ஒதுக்கியதை, தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அந்த அளவுக்கு எங்கள் பக்கம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்து வராந்தாவில் இரண்டு நாள் எல்லோரும் ஒரே அண்டாவில்தான் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. அண்டாவும் பிரிந்துவிட்டது.

வடிந்த பிறகு சேறு. செத்த மாடு, ஆடு, நாய். வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்களை லாரியிலும் பஸ்ஸிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். 2015-ல் சென்னை வெள்ளத்துக்கும் அப்படித்தான். அவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையுறை கிழிந்த ஓர் அக்கா எங்கள் தெரு முக்கில் உட்கார்ந்து தண்ணி கேட்டார். எங்களிடமே குடிக்கத் தண்ணி இல்லை. அம்மா இளநீர் ஒன்றைச் சீவிக் கொடுத்தாள். "எத்தனை வீட்டுக்கு முன்னாடியே சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். சென்னையிலும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார் போல.

2024 பிப்ரவரி 28-ல், சேறு காய்ந்து இரண்டு மாதத்தில், இதே கடற்கரையில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மேலேயிருந்து மேகத்தைப் பார்க்கிற கண்கள் இன்னும் கூடும். மேகத்தைப் பார்த்தவன் சொல்வது பின்கரைத் தெருவுக்கு எந்த வழியாக, யார் வாயால், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதற்கு ஊர்தோறும் ஓர் ஏற்பாடு எழுத்தில் வேண்டும். எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு முதலில் முங்கும் என்று கரையில் மண் சுமந்தவனுக்குத் தெரியும். அவனைக் கேட்டு எழுதாத பேரிடர்த் திட்டம் கலெக்டர் ஆபீஸ் பீரோவில் இருக்கிற காகிதம்.

அந்த ஆட்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். எங்க தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது, அவரிடம் நான் கேட்டது கொஞ்சம், கேட்காமல் விட்டது அதிகம். இதைப் படிக்கிற தோழர்கள் தங்கள் ஊரில் தண்டோரா போட்டவர், மடை திறந்தவர், உடைப்பில் நின்றவர் யாராவது உயிரோடு இருந்தால் போய்ப் பார்த்து எழுதி வாருங்கள். வயதானவர்கள், ஒரே நாளில் எல்லாம் சொல்ல மாட்டார்கள், இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். எந்த வருஷம், எந்தக் குளம், கரையில் எந்த இடம் என்று கேளுங்கள். எழுப்பியது யார், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கூலி கிடைத்ததா என்று கேளுங்கள். முதலில் எந்தத் தெருவில் அடித்தீர்கள், உங்க தெருவுக்கு எப்போ போனீங்க என்று கேளுங்கள். பக்கத்தில் அவர் வீட்டு அம்மா இருந்தால், அவரிடம் தனியாகக் கேளுங்கள்.